பழைய கம்ப்யூட்டர், புது டிவி: படம் வரவழைப்பது எப்படி?

மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று வந்தாலே பழைய கம்ப்யூட்டரின் கதை முடிந்தது என்று நினைத்து விடுகிறோம். ஆனைமலையில் என் அப்புச்சியும் அப்படித்தான் நினைத்தார். பரணில் கிடந்த பிபிசி மைக்ரோவை, "எடைக்குப் போட்டுரலாம் கண்ணு" என்றார். அவர் வாத்தியாராக இருந்தபோது எழுதிய பேசிக் புரோகிராம்கள் எல்லாம் கேசட்டில் உள்ளன. மெஷின் போய்விட்டால் அவற்றைத் திறந்து பார்ப்பது பெரும்பாடு.

பிபிசி மைக்ரோ, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981-ல் வெளியிட்டது. மெமரி 32 கேபி. நம் நாட்டில் 1984-85-ல் 'கிளாஸ்' திட்டம் தொடங்கியபோது சுமார் 250 பள்ளிகளுக்கு முதலில் போனது இந்த ரகம்தான். மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் இதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது. எனவே உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம்.

ஆன் செய்யும் முன் ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளையில் உள்ள பழைய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வெடித்துப் புகை கக்கும். டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

படம் இல்லாமலேயே மெஷினுக்கு உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். ஆன் செய்ததும் கனமான ஒரு சத்தம், அடுத்து கீச்சென்று ஒரு சின்ன பீப் வந்தால் நலம். கண்ட்ரோல் கீயுடன் ஜி கீயை அழுத்திப் பாருங்கள். மறுபடி பீப் வரும். முதல் சத்தம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால்தான் கோளாறு.

அப்படியானால் மானிட்டர் ஏன் மறுக்கிறது? விஜிஏ மானிட்டர் நொடிக்குக் குறைந்தது சுமார் 31,500 கோடுகளை எதிர்பார்க்கிறது. பிபிசி மைக்ரோ அனுப்புவது 15,625 மட்டுமே. டிவியின் கணக்கும் இதுதான். நம் தூர்தர்ஷன் கலருக்கு எடுத்துக்கொண்ட பால் முறையே இங்கிலாந்திலும் இருந்தது நமக்கு அதிர்ஷ்டம். அமெரிக்க மெஷின் என்றால் கலருக்குத் தனியாகப் போராட வேண்டும்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மெஷினின் பின்னால், டிவியின் மஞ்சள் ஏவி பின் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகினால் ஒன்றுமே வராது. அது ஆன்டெனா சாக்கெட்டுக்குப் போக வேண்டிய யுஎச்எஃப் சிக்னல். சேனல் 36-ல் டியூன் செய்ய வேண்டும். உண்மையான வீடியோ அவுட், பக்கத்தில் உள்ள பிஎன்சி சாக்கெட். சிசிடிவி கேமராவுக்குப் போடுகிறார்களே, அதேதான். பிஎன்சி-யை ஆர்சிஏ ஆக மாற்றும் கன்வெர்ட்டர் பின், பொள்ளாச்சியில் சிசிடிவி சாமான் விற்கும் கடையிலேயே கிடைத்தது. டிவியை ஏவி மோடுக்கு மாற்றியதும் படம் வந்துவிட்டது, கருப்பு வெள்ளையில். பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அது. பல மாடல்களில், போர்டில் எஸ்39 என்று குறித்த இடத்தை இணைத்தால் கலர் வரும்.

எழுத்து பளிச்சென்று வேண்டுமானால் ஆறு பின் உள்ள ஆர்ஜிபி சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். ஜிபிஎஸ்-8200 என்ற போர்டு அதை விஜிஏ-வாக மாற்றித் தரும். ஆனால் போர்டு எதிர்பார்ப்பது 0.7 வோல்ட், பிபிசி மைக்ரோ தருவதோ அதைவிடப் பல மடங்கு. இடையில் ரெசிஸ்டர்கள் இல்லாமல் இணைக்கவே கூடாது. ஒரு வரிக்கு 80 எழுத்து வரும் மோடில் புரோகிராம் லிஸ்டிங்கைப் படிக்க இந்த வழிதான் எனக்குப் பிடித்தது. கேசட்டில் உள்ளதை ஓட்டிப் பார்க்க மட்டும் என்றால் அந்த பிஎன்சி பின்னே போதும்.