தாத்தா என்ன கேட்டார்?

குட்டீஸ்... ஜூன் மாதம் வந்துவிட்டால், தஞ்சாவூர் பக்கம் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். "தண்ணீர் எப்போது வரும்?"

1934ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை, குறுவை சாகுபடிக்காக ஜூன் 12ல் திறப்பது வழக்கம். அணையில் நீர் குறைவாக இருந்தால் தேதி தள்ளிப்போகும். தேதி தெரிந்தால்தான் ஆற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் நாற்று விட முடியும்.

பக்கத்து வீட்டுத் தாத்தா இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கிறார். அதை நீங்கள் அப்பாவிடம் சொல்ல வேண்டும். தமிழில் ரொம்பச் சுலபம். 'தண்ணீர் எப்போது வரும் என்று தாத்தா கேட்டார்.' கேள்வி அப்படியே இருக்க, 'என்று கேட்டார்' மட்டும் சேர்ந்துகொண்டது.

அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும், 'ஹி ஆஸ்க்டு வென் வில் தி வாட்டர் கம்?' என்று எழுதினால் மார்க் போய்விடும்! 'ஹி ஆஸ்க்டு வென் தி வாட்டர் உட் கம்.' இதுதான் சரி.

ஏன் தெரியுமா? கேள்வி கேட்டவர் தாத்தா. நீங்கள் கேட்கவில்லை, அவர் கேட்டதைச் சொல்கிறீர்கள். எனவே அது சாதாரண வாக்கியமாகிவிடுகிறது. கவனிக்க வேண்டியவை இவைதான்:

1. முதலில் 'வாட்டர்', பிறகுதான் 'உட்'. கடைசியில் கேள்விக்குறி கிடையாது, முற்றுப்புள்ளிதான்.

2. 'ஆஸ்க்டு' இறந்தகாலம். அதனால் 'வில்' என்பது 'உட்' ஆகும். 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும்.

3. 'வென்', 'வேர்', 'ஒய்' போன்ற சொற்கள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். 'ஆமாம், இல்லை' என்று பதில் வரும் கேள்வியானால் 'இஃப்' சேருங்கள்.

4. 'யூ', 'யுவர்' யாரைக் குறிக்கிறது என்று பார்த்து மாற்றுங்கள்.

அத்தை உங்களிடம், "டூ யூ லைவ் இன் கும்பகோணம்?" என்று கேட்டால், 'ஷி ஆஸ்க்டு மீ இஃப் ஐ லிவ்டு இன் கும்பகோணம்' என்று எழுத வேண்டும். 'டூ' காணாமல் போனதைக் கவனித்தீர்களா? கேள்வி கேட்கத்தான் அது வந்தது. கேள்வி போனதும் அதுவும் போய்விட்டது.

இன்னொரு விஷயம். 'என்று' இருக்கிறதே என்று 'தட்' போட்டுவிடாதீர்கள். 'ஆஸ்க்டு தட் இஃப்' என்பது தவறு.

இப்போது நீங்களே மாற்றுங்கள் பார்க்கலாம். கேட்டவர் தாத்தா, கேட்டது உங்களிடம்.

அ. "வேர் இஸ் யுவர் ஃபீல்டு?"
ஆ. "ஹேஸ் தி வாட்டர் ரீச்டு கல்லணை?"

விடைகள்:
அ. ஹி ஆஸ்க்டு மீ வேர் மை ஃபீல்டு வாஸ்.
ஆ. ஹி ஆஸ்க்டு மீ இஃப் தி வாட்டர் ஹேட் ரீச்டு கல்லணை.

இரண்டும் சரியா? சபாஷ்! இன்று வீட்டில் கேட்கும் ஐந்து கேள்விகளை இப்படியே மாற்றி எழுதிப் பாருங்கள்.