நீலச் சோறு வேண்டுமா?

வெள்ளைச் சோற்றில் கேக்குக்குப் போடும் நீலக் கலரை நாலு சொட்டு விட்டுப் பிசைந்து வையுங்கள் (துணிக்குப் போடும் சொட்டு நீலம் இல்லை, தாயே!). அரிசி அதே அரிசி, ருசியும் மாறாது. ஆனால் வீட்டில் எல்லோரும் 'ஐயே, வேணாம்' என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். சாப்பிடுகிற பொருளில் சுத்தமான நீலம் ரொம்ப அபூர்வம். நாவல்பழம்கூட நாக்கை ஊதாவாகத்தான் ஆக்குகிறது. ரொட்டியில் நீலம் பாரித்தால் பூஞ்சை என்று தூக்கிப் போட்டுத்தானே பழக்கம்?

நீலத்தைக் கண்டு உஷாராகும் அதே கண், ரோஸ் கலரில் ஏமாந்துபோகிறது. வீரகேரளம்புதூரிலிருந்து குற்றாலம் சீசனுக்குப் போகிறீர்கள். அருவியில் நனைந்து வந்த பிள்ளை எதற்குக் கை நீட்டும்? ரோஸ் பஞ்சுமிட்டாய்க்குத்தான்! அந்த மிட்டாயில் ரோடமின்-பி இருப்பது சோதனையில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது. ரோடமின்-பி துணிக்குப் போடும் சாயம். சாப்பாட்டில் சேர்க்க அனுமதியே கிடையாது.

கலர் போடாமல், வெறும் சர்க்கரையில் சுற்றிய வெள்ளைப் பஞ்சுமிட்டாயும் அதே இனிப்புத்தான். பிள்ளை முகத்தைச் சுளிக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிடச் சொல்லிப் பாருங்களேன்.