ஒரு கோடா, இரண்டு கோடா?

"கோடு மங்கலாத்தான் விழுந்துச்சு. அப்போ ஒண்ணும் இல்லைதானே?" கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப்பைப் பற்றித் தாய்மார் எங்களிடம் அதிகம் கேட்பது இதைத்தான். அப்படி நினைத்துவிட வேண்டாம், சகோதரிகளே. உரிய நேரத்துக்குள் விழுந்த மங்கல் கோடும் கோடுதான்.

பார்மசியில் விற்கும் பெட்டியில் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். எழுத்தும் எறும்பு ஊர்ந்த மாதிரி. அதனால் பலர் ஸ்ட்ரிப்பை வீட்டுக்காரரிடமோ பக்கத்து லயத்துப் பிள்ளையிடமோ கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் மார்கரெட் கிரேன் என்ற பெண் வீட்டுப் பரிசோதனையை வடிவமைத்ததே, பெண் தன் சங்கதியைத் தானே முதலில் அறியட்டும் என்றுதான். படம் போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி அச்சிட்டால் கம்பனிக்காரருக்கு என்ன குறைந்துவிடும்?

கரு கருப்பையில் ஒட்டியதும் ஒரு ஹோர்மோன் ஊறி, சிறுநீரிலும் இறங்குகிறது. ஸ்ட்ரிப் பிடிப்பது அதைத்தான். ஆரம்பத்தில் அது சுமார் இரண்டு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஆகவே தலைக்கு ஊற்றவேண்டிய நாள் தள்ளிப்போகும் முன்பே பார்த்தால் ஏமாற்றிவிடும். நாள் தள்ளியபின், காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் பாருங்கள். அம்புக்குறிக்கு மேலே நனைய விடாதீர்கள். நனைத்ததைச் சமமான இடத்தில் வைத்து, பெட்டியில் சொன்ன நேரம், அநேகமாக 5 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்துப் பொறுங்கள். பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் இதைச் செய்யவேண்டாம்.

கைபிடிக்கும் பக்கம் விழுவது 'சி' கோடு. அந்த எழுத்து பிறை நிலா போல இருக்கும். ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அது விழாவிட்டால் மற்றக் கோடு எப்படி இருந்தாலும் செல்லாது, வேறொன்று வாங்கவேண்டும். கீழே விழுவது 'டி' கோடு. தூணுக்கு மேல் குறுக்குச்சட்டம் வைத்தது போன்ற எழுத்து. இரண்டும் விழுந்தால் முழுகாமல் இருக்கிறீர்கள். 'சி' மட்டும் விழுந்தால் இப்போதைக்கு இல்லை. மூன்று நாள் கழித்தும் மாதவிடாய் வராவிட்டால் மறுபடி பாருங்கள். வேலை முடிந்து வந்து, மாலையில் எடுத்துப் பார்க்கும்போது தெரியும் சாம்பல் நிறக் கீற்றை நம்பவேண்டாம். அது சிறுநீர் காய்ந்த தடமாகவும் இருக்கலாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறோம்? பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் முதல் மாதத்திலேயே உருவாகத் தொடங்குகின்றன. "இல்லை" என்று நினைத்துக் கண்ட மாத்திரையையும் விழுங்கி, கொழுந்து மூட்டையையும் தூக்கிக்கொண்டு இரண்டு மாதம் போனால், போலிக் அமிலம் கொடுக்கவேண்டிய காலம் கைதவறிப் போகும். இரண்டு கோடு கண்டதும் குடும்பநல மாதுவிடம் சொல்லி, 8 வாரத்துக்குள் பதிந்துகொள்ளுங்கள்.

கோடு விழுந்தபின் அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடும் வலி, இரத்தப்போக்கு, தலைசுற்றல் இருந்தால் மாதுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கரு குழாயில் தங்கியிருக்கலாம். இரவானாலும் வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.