எட்டு இயந்திரக் குண்டுவீச்சு விமானமும் ராடர் இல்லாத கோபுரமும்

2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்து புறப்பட்ட டெல்டா 3788 விமானம், வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைநொட் விமான நிலையத்தில் தரையிறங்கத் தயாராகிக்கொண்டிருந்தது. டெல்டாவுக்காக ஸ்கைவெஸ்ட் நிறுவனம் இயக்கிய, 76 பேர் வரை ஏறக்கூடிய எம்ப்ரேயர் 175 ரக விமானம் அது. தரை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் விமானம் திடீரெனக் கடுமையாகச் சரிந்து திரும்பியது. பின்னர் சுற்றிவந்து பத்திரமாகத் தரையிறங்கியது. யாருக்கும் காயம் இல்லை.

விமானி ஒலிபெருக்கியில் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டார். தம் பாதையை நோக்கி வேறொரு விமானம் வந்ததாகவும், அதன் பின்புறமாகத் திரும்புவதே பாதுகாப்பானது என்று முடிவெடுத்ததாகவும் விளக்கினார். அந்த இன்னொரு விமானம் அமெரிக்க வான்படையின் பி-52. அணுகுண்டுகளைச் சுமக்கவென்று உருவாக்கப்பட்ட, எட்டு இயந்திரங்களும் 56 மீற்றர் இறக்கை அகலமும் கொண்ட குண்டுவீச்சு விமானம். பயணி ஒருவர் பதிவுசெய்த காணொளியில் விமானியின் இந்த விளக்கம் உலகம் முழுவதும் பரவியது.

வான்பரப்பில் இவ்வளவு இடம் இருக்கையில் இரண்டு விமானங்கள் எப்படி இவ்வளவு அருகில் வந்தன?

மைநொட் நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீற்றரில் மைநொட் வான்படைத் தளம் இருக்கிறது. பி-52 விமானங்களும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் அணு ஏவுகணைகளும் ஒருங்கே உள்ள தளம் அது. சம்பவ தினத்தன்று நகரில் மாநிலக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதற்கு வந்திருந்த மக்களுக்கு மேலாகத் தாழப் பறந்து காட்டுவதற்காகவே பி-52 வந்திருந்தது. அதாவது அது இரகசியப் பயணம் அல்ல. முன்கூட்டியே திட்டமிடப்பட்ட ஒரு காட்சிப் பறப்பு. தமது விமானி நகர விமான நிலையக் கோபுரத்துடன் தொடர்பில் இருந்தார் என்றும், பயணிகள் விமானம் வருவதைக் கோபுரம் அறிவிக்கவில்லை என்றும் வான்படை பின்னர் கூறியது. பயணிகள் விமானத்தின் விமானியோ, ராடர் வைத்திருக்கும் வான்படைத் தளம் ஏன் தமக்கு எச்சரிக்கை தரவில்லை என்று கேட்டார்.

இந்த இரண்டு கூற்றுகளையும் அருகருகே வைத்தால் சிக்கல் விளங்கும். மைநொட் நகரக் கோபுரத்துக்குச் சொந்த ராடர் இல்லை. அங்குள்ள கட்டுப்பாட்டாளர் ஜன்னல் வழியாகக் கண்ணால் பார்த்தும், விமானிகள் வானொலியில் சொல்லும் இடத்தையும் உயரத்தையும் கேட்டும் மனத்தில் ஒரு படத்தை உருவாக்கிக்கொள்கிறார். அவர் அரசாங்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஊழியரும் அல்லர்; ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஊழியர். அமெரிக்காவில் 250க்கும் மேற்பட்ட சிறிய விமான நிலையக் கோபுரங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. ராடர் திரை ஓரிடத்தில்; தரையிறங்க அனுமதி கொடுக்கும் பொறுப்பு இன்னோரிடத்தில். இரண்டுக்கும் நடுவே தகவல் தவறிவிட்டால் அதை ஈடுசெய்ய எஞ்சியிருப்பது விமானியின் கண் மட்டுமே.

அந்தக் கண்ணை எவ்வளவு நம்பலாம்? மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் வரும் இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு செக்கனிலும் அவற்றுக்கிடையேயான தூரம் ஏறத்தாழ 140 மீற்றர் குறைகிறது. எதிரே வருவதைக் கண்டு, அது மோதும் பாதையில் வருகிறது என்று உணர்ந்து, முடிவெடுத்து, விமானத்தை உண்மையில் திருப்பி முடிக்க ஒரு விமானிக்கு 12.5 செக்கன்கள் தேவை என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி கூறுகிறது. அப்படியென்றால் 1.7 கிலோமீற்றருக்கு அப்பாலேயே எதிரே வருவது கண்ணில் பட்டாக வேண்டும். ஆனால் மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் இடமோ வலமோ நகராது. ஒரே இடத்தில் சிறு புள்ளியாக நின்று, கடைசி நேரத்தில்தான் சட்டென்று பெரிதாகும். அசையாத புள்ளியை மனிதக் கண் எளிதில் தவறவிடும்.

பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது; அருகில் விமானம் இருந்தால் குரலில் எச்சரிக்கும், அபாயம் முற்றினால் மேலேறு, கீழிறங்கு என்று கட்டளையும் தரும். ஆனால் தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே அந்தக் கட்டளைகள் நிறுத்தப்பட்டுவிடும். தரைக்கு அருகில் ‘கீழிறங்கு’ என்பதே ஆபத்தான கட்டளை என்பதே காரணம். விமான நிலையத்தைச் சுற்றி நெரிசல் கூடும் உயரத்தில் கருவியின் உதவி குறைந்துவிடுகிறது.

இந்தக் குறைபாட்டின் விலை அதே ஆண்டு ஜனவரி 29 இரவு வோஷிங்டனில் தெரிந்தது. ரீகன் தேசிய விமான நிலையத்தில் தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் இராணுவத்தின் பிளாக் ஹோக் ஹெலிகொப்டரும் பொட்டோமக் ஆற்றுக்கு மேல் சுமார் 300 அடி உயரத்தில் மோதின. 67 பேரும் உயிரிழந்தனர். பின்னர் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை பழைய தரவுகளைப் புரட்டியபோது, 2021 ஒக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த ஒரு விமான நிலையத்தைச் சுற்றி மட்டும் விமானங்களும் ஹெலிகொப்டர்களும் அபாயகரமாக நெருங்கிய 15,214 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. குறிப்பிட்ட ஓர் ஓடுபாதைக்கு வரும் விமானத்துக்கும் ஹெலிகொப்டர் வழித்தடத்துக்கும் இடையே 75 அடி இடைவெளி மட்டுமே எஞ்சக்கூடிய நிலையும் இருந்தது. தரவுகள் கணினியில் இருந்தன. அந்த வழித்தடம் மூடப்பட்டது 67 பேர் இறந்த பிறகுதான்.

மைநொட் சம்பவத்தின் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது. யாரும் சாகாத ஒரு சம்பவம், விபத்து ஒன்று கற்பிக்கக்கூடிய அதே பாடத்தை உயிர்ச்சேதமின்றித் தருகிறது. ஆனால் பிணங்கள் இல்லாத இடத்தில் விசாரணைக்கும் செலவுக்கும் அதிகாரிகளிடம் அவசரம் இருப்பதில்லை. ஒலிபெருக்கியில் விமானி வெளிப்படையாகப் பேசியிராவிட்டால், பயணி பதிவுசெய்திராவிட்டால், மைநொட் பற்றி நாமும் அறிந்திருக்க மாட்டோம். தவறுகளை விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தண்டனைக்கு அஞ்சாமல் முறையிட, 1976 முதல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா தனி ஏற்பாடு ஒன்றை நடத்திவருகிறது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் கையில் அது இல்லை என்பதாலேயே பலரும் நம்பி எழுதுகிறார்கள்.

இலங்கை வாசகருக்கும் இது தொலைதூரச் செய்தி அல்ல. 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் பலாலி வான்படைத் தளத்தோடு சேர்ந்தே இருக்கிறது. கட்டுநாயக்கவிலும் வான்படைத் தளமும் சர்வதேச விமான நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். 2011 மார்ச் 1 ஆம் திகதி, வான்படையின் 60 ஆவது ஆண்டு நிறைவுக்கான ஒத்திகையில் ஈடுபட்ட இரண்டு கிபீர் போர் விமானங்கள் கம்பஹா மாவட்டத்தின் யக்கலைப் பகுதிக்கு மேலே மோதி, விமானி ஒருவர் உயிரிழந்தார். அங்கே பயணிகள் விமானம் எதுவும் சம்பந்தப்படவில்லை. ஆனால் காட்சிப் பறப்புக்கான ஆபத்து ஊர்களுக்கு மேலாகவே நிகழ்கிறது என்பதை அது காட்டியது.

இராணுவமும் சிவில் விமானங்களும் ஒரே வானத்தைப் பகிர்வது பல நாடுகளில் தவிர்க்க முடியாதது. அதைப் பாதுகாப்பாகச் செய்ய வழிகள் இருக்கின்றன. தளத்தின் ராடர் படம் பக்கத்துக் கோபுரத்தின் திரையிலும் தெரிய வேண்டும். இரண்டு இடங்களுக்கும் நேரடித் தொலைபேசி வேண்டும். காட்சிப் பறப்பின் நேரத்தையும் பாதையையும், அந்த நேரத்தில் இறங்கவரும் விமானங்களின் அட்டவணையையும் ஒருவர் முன்னதாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இறுதியாக, அந்த ஒருவர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மைநொட்டில் வான்படை கோபுரத்தைக் காட்டியது. விமானி வான்படைத் தளத்தைக் காட்டினார். இரு தரப்புக்கும் தகவலைச் சேர்ப்பிக்க வேண்டியவர் இன்னார் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தால், அந்தக் கேள்வியை ஒரு விமானி ஒலிபெருக்கியில் கேட்க நேர்ந்திருக்காது.