தே தாரிக்கும் சின்னப் பையும்

மம்பாவ் கடையில் அக்கா தே தாரிக் கேட்டார். நான் முந்திக்கொண்டு பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் சொல்லிவிட்டேன். முறைத்தார். "இரைப்பையில பைபாஸ் பண்ணி இவ்வளவு மாசம் ஆச்சு, இன்னும் ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடிக்கக் கூடாதா?"

குடித்தால் என்ன ஆகிறது என்று அவரே சொன்னார்: கால்மணி நேரத்தில் படபடப்பு, வேர்வை, வயிற்றில் கடமுடா, பிறகு கழிப்பறைக்கு ஓட்டம். ஆபரேஷன் கெட்டுப்போச்சோ என்று பயம்.

கெடவில்லை. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி பிடிக்கிற பையைப் பிரித்துச் சிறுகுடலில் நேரே தைத்திருக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேதான் இருக்கிறது. சோறு அந்தப் பக்கம் போவதில்லை. சாப்பாட்டைக் கொஞ்சங்கொஞ்சமாக விடுகிற தசை வளையமும் அந்தப் பக்கம்தான். அதனால் தே தாரிக்கின் டின் பால் இனிப்பு மொத்தமாகக் குடலில் இறங்க, குடல் தண்ணீரை இழுக்கிறது. டாக்டர்கள் 'டம்பிங்' என்பது இதைத்தான். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இன்சுலின் எகிறி, சர்க்கரை இறங்கி, கை நடுங்கும். அப்போது இனிப்பு கொடுக்கத்தான் வேண்டும். அதோடு விட்டால் மறுபடி இறங்கும், பின்னாலேயே முட்டையோ பருப்போ போகணும்.

"அப்போ எப்படித்தான் சாப்பிடுறது?"

முதலில் மீன், முட்டை; சோறு கடைசியில். தட்டு சின்னது, மெல்லுவது நிதானமாக. தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம், அரைமணி கழித்து. பி12, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் ஆயுசுக்கும்.

எனக்கு அதைவிடக் கவலை அவர் கைப்பையில் இருந்த பொன்ஸ்டான் வலி மாத்திரை அட்டை. முட்டி வலிக்காம், செம்பனைத் தோட்டத்தில் உழைத்த கால். பையும் குடலும் சேரும் தையலருகே குடலுக்கு அமிலத்தைத் தாங்கும் பழக்கம் கிடையாது. பொன்ஸ்டான், வோல்டாரன், இபுபுரோஃபன், சிகரெட் எல்லாமே அங்கே புண்ணாக்கும். வேடிக்கை என்னவென்றால், வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையை வெட்டிக்கொண்டவர்கள் இளைத்துப் போனதைப் பார்த்துத்தான், 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் இந்த பைபாஸையே தொடங்கினார்.

"பனடோல் போடலாமா?"

அளவோடு போடலாம். முட்டிக்கு வேறு வழி டாக்டரிடம் கேளுங்கள். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, ரத்தமாக வாந்தி வந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் ஆட்கள் எந்த வயிற்று வலியையும் 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். உடம்பு இளைத்த பிறகு, வருஷங்கள் கழித்துக்கூட, குடல் உள்ளே ஒரு இடுக்கில் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். சாப்பிட்டதும் விட்டுவிட்டுப் பிடித்திழுக்கிற வலி, கூடவே வாந்தி என்றால் நேரே சிரம்பான் துவாங்கு ஜாஃபர் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். பெயர் கேட்கும்போதே பைபாஸ் பண்ணியதைச் சொல்லிவிடுங்கள். வெளியே தழும்பு சின்னது, சொல்லாமல் யாருக்கும் தெரியாது.