அரை வினாடியில் மாட்டிய "கம்ப்யூட்டர் திருடன்"!

பூட்டை உடைக்கவில்லை. சுவர் ஏறிக் குதிக்கவில்லை. நல்லவன் போல வேலைக்குச் சேர்ந்து, சாவியையே வாங்கிக்கொண்டான் ஒரு மர்ம ஆசாமி. கம்ப்யூட்டர் உலகைக் கதிகலங்க வைத்த இந்தச் சம்பவம் அம்பலமானது 2024-ம் ஆண்டில்.

பொதுக்கிணறு

"லினக்ஸ்" போன்ற சாப்ட்வேர்களுக்கு "ஓப்பன் சோர்ஸ்" என்று பெயர். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. யாரும் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். கோளாறு இருந்தால் புகார் செய்யலாம். திருத்தியும் அனுப்பலாம். அந்தத் திருத்தம்தான் "பேட்ச்". பொறுப்பாளர் படித்துப் பார்த்து, சரியென்றால் சேர்த்துக்கொள்வார்.

2 ஆண்டு நாடகம்

பைல்களைச் சுருக்கும் "எக்ஸ்.இசட்." என்ற சாப்ட்வேரை ஒருவரே சம்பளம் இல்லாமல் கவனித்து வந்தார். "ஜியா டான்" என்ற பெயரில் வந்த ஆசாமி, 2 ஆண்டுக்கு மேல் ஒழுங்காகப் பேட்ச் அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்தான். சாப்ட்வேரை வெளியிடும் பொறுப்பு கைக்கு வந்தது. அப்புறம் வேலையைக் காட்டினான்! சர்வர்களுக்குள் புகுந்துகொள்ள ரகசியக் கதவு ஒன்றை மறைத்து வைத்துவிட்டான்.

சிக்கியது எப்படி?

ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்ற என்ஜினீயர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆனது. "போனால் போகட்டும்" என்று அவர் விடவில்லை. அளந்தார். துருவினார். முதலில் பாதுகாப்புக் குழுக்களுக்கு ரகசியமாகச் சொன்னார். மார்ச் 29-ந் தேதி எல்லா விவரங்களையும் பகிரங்கமாக எழுதினார். பெரும்பாலான சர்வர்களுக்குப் பரவும் முன்பே ஆபத்து தடுக்கப்பட்டது.

திறந்த வாசல் வழியாகத்தான் திருடன் வந்தான். காவல்காரர் வந்ததும் அதே வாசல்தான்!

நம்ம பிள்ளைகளுக்கும்...

அந்த வாசல், காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் உள்ள புதுச்சேரி என்.ஐ.டி. மாணவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. பீஸ் கிடையாது. சிபாரிசு வேண்டாம்.

ஆனால், "வேலை செய்யலை" என்று மொட்டையாக எழுதினால் யாரும் சீண்ட மாட்டார்கள். எந்த வெர்ஷன், என்ன செய்தீர்கள், என்ன வரவேண்டும், என்ன வந்தது? இந்த நாலும் புகாரில் இருக்க வேண்டும்.

லினக்சில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால், அது ஜெர்மனிக்காரர் கண்ணில் படாது. நம்ம கண்ணில்தான் படும். நாம சொல்லாமல் வேறு யாருங்க சொல்லப்போறாங்க?