பழைய டிராக்டரின் வேகக் காவலன்

டில்லி ஆர்.கே.புரத்தில் வாழும் தமிழருட் பலருக்குச் சொந்த ஊரில் இன்னும் நிலமுண்டு. சிலர் வீட்டில் தந்தையார் காலத்து டிராக்டரும் உண்டு. ஆர்.கே.புரத்திற்கு அதிகத் தொலைவில் இல்லாத பரீதாபாத்தில் 1959-ஆம் ஆண்டு ஐச்சர் டிராக்டர்கள் உருவாகத் தொடங்கின. அடுத்த ஆண்டில் சென்னையில் டாபே நிறுவனம் தோன்றியது. அத்தலைமுறை டிராக்டரை வைத்திருப்போர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு: "சுமை ஏறினால் எஞ்சின் திணறுகிறது, பிறகு திடீரென உறுமிப் பாய்கிறது." இதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

வேகத்தைக் காக்கும் உறுப்புக்குக் கவர்னர் என்று பெயர். எஞ்சினோடு சுழலும் இரு எடைக்குண்டுகள் வேகம் மிகுந்தால் விரிந்து, டீசலைக் குறைக்கின்றன. கலப்பை கடின மண்ணில் சிக்கி வேகம் தணிந்தால், குண்டுகள் ஒடுங்குகின்றன. ஸ்பிரிங் பம்பின் கம்பியைத் தள்ளி டீசலைக் கூட்டுகிறது. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குப் பயன்படுத்திய தத்துவமே இது.

கவர்னர் தாமதித்தால் பலரும் கடினமான ஸ்பிரிங்கை மாட்டுகின்றனர். இது தவறு, எஞ்சினின் உச்ச வேகம் எல்லை மீறக்கூடும். உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் உராய்வும் தேய்மானமுமே. இணைப்புக் கம்பி இறுகியிருந்தால், வேகம் வெகுவாகக் குறைந்த பின்னரே அது அசைகிறது. அசைந்ததும் அளவுக்கு மீறி ஓடிவிடுகிறது. ஊசலாட்டம் பிறப்பது இவ்வாறுதான்.

ஆகவே முதலில் டீசல் வடிகட்டியையும் காற்று வடிகட்டியையும் தூய்மை செய்க. பின்னர், எஞ்சினை நிறுத்தி, இணைப்புக் கம்பியைக் கழற்றிக் கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். அது தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும். உறைந்த பழைய கிரீஸை டீசலால் கழுவி, தேய்ந்த ஊசிகளை மாற்றி, வளைந்த கம்பியை நேராக்கி, துளி எண்ணெய் இடுக. சில பழைய டிராக்டர்களில் குண்டுகளுக்குப் பதில் காற்றின் உறிஞ்சலால் இயங்கும் சவ்வு உண்டு. அது கிழிந்திருந்தாலோ குழாய் கசிந்தாலோ கவர்னர் சரிவர இயங்காது. இவற்றுக்குப் பின்னும் குறை தீராவிடில், பம்பைச் சோதனை மேடையுள்ள பட்டறையில் ஒப்படைப்பதே நன்று. முத்திரையிட்ட உச்ச வேகத் திருகைத் தொடலாகாது.

சுமை ஏறும்போது வேகம் சிறிதளவு தணிந்து, பின் நிலைகொள்வது இயற்கை. அதைக் குறையென எண்ணற்க. ஆயினும் ஓர் ஆபத்தை மறத்தலாகாது. டீசல் கம்பி முழுத் திறப்பில் சிக்கினால், எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும். அதன் பட்டையில் பூட்டிய கதிரடிக்கும் இயந்திரத்தருகே நிற்பவர் நிலை என்னவாகும்? எனவே, பழுது பார்த்தபின் எஞ்சினை நிறுத்தும் கைப்பிடி வேலை செய்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே சுமையேற்றுவோமாக. பழைய டிராக்டரின் ஆயுளும் அருகில் நிற்போர் உயிரும் அந்தச் சிறு உறுப்பைச் சார்ந்தவை.